விண்லோட் ஏன் இரண்டு இடத்தில் இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கடைக் கம்ப்யூட்டரில் சி டிரைவ் நிறைந்துவிட்டதால், இரட்டைக் கோப்புகளைத் தேடித்தரும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டேன். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம்32, விண்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர்கள் இரண்டிலும் ஒரே கோப்புகள் ஏராளம். அனுமதியை மாற்றி, சிஸ்டம்32-இல் இருந்த, விண்டோஸை ஏற்றிவிடும் விண்லோட்.ஈஎஃப்ஐ உட்படச் சிலவற்றை அழித்தேன். இடமும் கூடவில்லை, மறுநாள் விண்டோஸும் எழவில்லை. இன்னொன்றுதான் பத்திரமாக இருக்கிறதே, பிறகு ஏன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஊர் வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வாசலை மட்டும் எண்ணிக்கொண்டு போகிறவர் அதை இரண்டு வீடாகத்தான் எழுதுவார். உங்கள் மென்பொருளும் அப்படித்தான் எண்ணியிருக்கிறது. விண்டோஸ் டிரைவில் கோப்புகளை அடுக்கும் முறையான என்டிஎஃப்எஸ்ஸில் ஒரே தரவுக்கு இரண்டு பெயர் வைக்கலாம். அதற்கு ஹார்ட் லிங்க் என்று பெயர். சிஸ்டம்32 முகப்பு, விண்எஸ்எக்ஸ்எஸ் பின்வாசல். நீங்கள் முகப்பை அடைத்துவிட்டீர்கள். வீடு சுருங்கவில்லை, அதனால் இடம் மிஞ்சவில்லை. ஆனால் விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் மேனேஜரிடம் இருக்கும் முகவரி முகப்புடையது. பிசிடி என்ற அதன் பூட் விவரப் பதிவில் \விண்டோஸ்\சிஸ்டம்32\விண்லோட்.ஈஎஃப்ஐ என்றுதான் எழுதியிருக்கும். விண்எஸ்எக்ஸ்எஸ் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்காது.

கம்ப்யூட்டர் எழும்போது முதலில் படிக்கும் ஈஎஃப்ஐ பார்டிஷன் கதை வேறு. அதன் கோப்பு முறை ஃபேட்32, அளவு பெரும்பாலும் 100 எம்பி. அங்கே ஹார்ட் லிங்க் கிடையாது. பூட் மேனேஜர் கோப்புகளான பூட்எம்ஜிஎஃப்டபிள்யூ.ஈஎஃப்ஐ, பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ இரண்டும் நிஜமாகவே இரண்டு பிரதிகள். மதர்போர்டு தன் பூட் பட்டியலை மறந்துவிட்டால் இரண்டாவதைத்தான் தேடும். அதிலும் கை வைக்காதீர்கள். விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள சிஸ்வாவ்64-இல் சிஸ்டம்32 கோப்புகளின் பெயரிலேயே கிடப்பவை 32 பிட் கோப்புகள். 64 பிட் கோப்புகள் சிஸ்டம்32-இல். பெயர் வைத்த புண்ணியவானைத்தான் கேட்க வேண்டும்.

இனி வேலை. அதே விண்டோஸ் பதிப்பின் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து, முதல் திரையில் ஷிஃப்ட்+எஃப்10 அழுத்துங்கள், கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும். அங்கே சி என்பது டி ஆகியிருக்கலாம். விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று டிஐஆர் போட்டுப் பாருங்கள். டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் உள்ளேயே போக முடியாது. பிறகு, சி மாறியிருந்தால் அந்த எழுத்தைப் போட்டு, ஆங்கில எழுத்தில்:

எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் /ஆஃப்பூட்டிர்=சி:\ /ஆஃப்விண்டிர்=சி:\விண்டோஸ்

இது விண்எஸ்எக்ஸ்எஸ்ஸிலிருந்து எடுத்து முகப்பை மறுபடி திறந்துவிடும். அங்கேயும் அழித்திருந்தால் இது கைவிரிக்கும். பென்டிரைவின் இன்ஸ்டால் இமேஜை ஆதாரமாகக் காட்டி, விண்டோஸைப் பழுதுபார்க்கும் டிஸ்ம் கட்டளையை ஓட்ட வேண்டும். ஈஎஃப்ஐ பார்டிஷனிலும் அழித்திருந்தால் மட்டும் டிஸ்க்பார்ட் கட்டளையில் அந்த 100 எம்பி பார்டிஷனுக்கு எஸ் என்று எழுத்துக் கொடுத்து, பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஈஎஃப்ஐ என்று ஓட்டுங்கள். பலர் எடுத்த எடுப்பில் இதைத்தான் ஓட்டுகிறார்கள். தொலைந்த விண்லோடை இது கொண்டுவராது.

இடம் வேண்டுமென்றால், விண்டோஸ் எழுந்த பிறகு அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப். ஹைபர்னேட் கோப்பு போய், ரேமைப் பொறுத்துச் சில ஜிபி அங்கேயே கிடைக்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் கூடவே போகும். காலையில் கம்ப்யூட்டர் எழச் சற்று நேரமாகும்.