நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடுகிறான்

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. அவனுக்கு டூஷேன் வகைத் தசைச் சிதைவு நோய் இருப்பது 2 ஆண்டுகளுக்கு முன்பு மரபணுப் பரிசோதனையில் உறுதியானது. இன்னும் துணையில்லாமல்தான் நடக்கிறான். ஆனால் நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் அப்படியே நின்றுவிடுகிறான், இல்லையென்றால் தடுமாறி விழுகிறான். பள்ளியிலோ சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று புகார் சொல்கிறார்கள். இப்போது இயன்முறை மருத்துவர், நடந்துகொண்டே எண்களைச் சொல்லவும் படங்களைப் பார்த்துப் பெயர் சொல்லவும் பயிற்சி தருகிறார். நோய் தசையில் இருக்கும்போது மூளைக்கு எதற்குப் பயிற்சி? இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொன்னால் குழந்தை சோர்ந்துபோக மாட்டானா?

பதில்: நோய் தசையில் மட்டும்தான் இருக்கிறது என்ற எண்ணத்திலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் பள்ளியிலிருந்து வரும் புகாருக்கும் அவன் நின்றுவிடுவதற்கும் விளக்கம் அங்கேதான் இருக்கிறது. டூஷேன் நோயில் பழுதாவது எக்ஸ் குரோமோசோமில் உள்ள டிஸ்ட்ரோபின் மரபணு. மனித மரபணுக்களிலேயே மிக நீளமானது எனப்படும் இது 79 எக்ஸான்கள், அதாவது புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் துண்டுகள், கொண்டது. இது உருவாக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் தசை நார்களின் உறையைத் தாங்கிப் பிடிக்கிறது என்பதை மருத்துவர் உங்களுக்குச் சொல்லியிருப்பார். ஆனால் இதே மரபணு மூளையிலும் வேலை செய்கிறது என்பதைப் பல பெற்றோர்களுக்கு யாரும் சொல்வதில்லை. மரபணுவின் பின்பகுதியிலிருந்து மூளைக்கென்று சில குறுகிய புரதங்கள் உருவாகின்றன. பிழை அந்தப் பின்பகுதியில், குறிப்பாக 63-ஆவது எக்ஸானுக்குப் பிறகு இருந்தால், கற்றல் சிரமங்கள் கூடுதலாக இருப்பதற்கு வாய்ப்பு உண்டு. உங்கள் மகனின் மரபணு அறிக்கையில் எந்த எக்ஸானில் பிழை என்று குறிப்பிட்டிருப்பார்கள். அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது, அந்த எண் கற்றலைப் பொறுத்தவரை என்ன சொல்கிறது என்று தயங்காமல் கேளுங்கள்.

இக்குழந்தைகளிடம் மிக அடிக்கடி காணப்படும் குறை, காதால் கேட்டதைச் சில நொடிகள் மனத்தில் வைத்துக்கொண்டு அதை வைத்து வேலை செய்யும் திறனில்தான் இருக்கிறது. நான் பார்த்துவரும் ஒரு சிறுவனிடம், "பையை மேசைமேல் வை, நோட்டை எடு, கதவைச் சாத்திவிட்டு வா" என்றால், பையை வைத்துவிட்டு அறையின் நடுவில் நின்று என் முகத்தையே பார்ப்பான். அதே மூன்று வேலைகளைப் படங்களாக வரைந்த ஒரு சீட்டைக் கையில் கொடுத்தால் மூன்றையும் முடித்துவிட்டு வருவான். அவனுக்கு அடம் எதுவும் இல்லை. காதில் விழுந்த தொடர் பாதியில் நழுவிவிடுகிறது, அவ்வளவுதான். உங்கள் மகனின் ஆசிரியரிடம் இதைச் சொல்லுங்கள், முடிந்தால் எழுத்திலேயே கொடுங்கள். சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்ற பெயர் ஒரு குழந்தையின்மேல் ஒட்டிக்கொண்டால், அது அவனுடைய கால்வலியைவிடப் பெரிய சுமையாகிவிடுகிறது.

இனி நடைக்கு வருவோம். நமக்கு நடப்பது தானாக நடக்கும் காரியம். உங்கள் மகனுக்கு இடுப்பையும் தொடையையும் சுற்றியுள்ள தசைகள் வலுவிழந்திருப்பதால், வயிற்றை முன்னே தள்ளி, பாதங்களை அகட்டி, குதிகால் தரையில் படாமல், ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிறான். நீங்கள் ஒரு கேள்வி கேட்டதும் அடியெடுத்து வைப்பதற்குச் செலவான கவனத்தில் ஒரு பங்கு பதில் சொல்லப் போய்விடுகிறது. அப்போது அவனுக்கு முன் இரண்டே வழிகள்தான்: நிற்பது, அல்லது விழுவது. ஆகவே அவன் நின்றால் தயவுசெய்து கடிந்துகொள்ளாதீர்கள். அவன் தனக்குத் தானே கண்டுபிடித்துக்கொண்ட தற்காப்பு அது.

இயன்முறை மருத்துவர் தரும் இரட்டைவேலைப் பயிற்சியின் நோக்கம், பேச்சும் பார்வையும் நிறைந்த உலகத்தில், பள்ளி வராந்தாவில் நண்பன் கூப்பிடும்போதும், அவன் விழாமல் நடப்பதற்குப் பழக்குவது. இந்நோயில் விழுவதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. தொடை எலும்பு முறிந்து சில வாரங்கள் படுத்துவிட்டாலே, அதன் பிறகு நடக்க முடியாமல் போன குழந்தைகள் உண்டு. தசைத் தளர்ச்சியைத் தாமதப்படுத்த இந்நோயில் தரப்படும் ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் எடுக்கும் குழந்தையின் எலும்பு ஏற்கனவே பலவீனமாக இருக்கும். ஆகவே பயிற்சியைச் சரியான வரிசையில்தான் செய்ய வேண்டும். முதலில் உட்கார்ந்த நிலையில் அந்த மனவேலை அவனுக்குத் தெளிவாக வர வேண்டும், பிறகு நின்றபடி செய்ய வேண்டும், அதன் பிறகே சமதளத் தரையில், கையெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் கூடவே வர, நடந்தபடி செய்யலாம். எண்களைத் தலைகீழாகச் சொல்வது போன்ற, அவனுக்கு மிகக் கடினமான வேலையிலிருந்து தொடங்கக் கூடாது. வழியில் ஒட்டியுள்ள நிறங்களைச் சொல்வது, படத்தைப் பார்த்து விலங்கின் பெயர் சொல்வது போன்றவற்றில் தொடங்கி, அவன் அவற்றில் வெற்றி பெற்ற பிறகு ஒவ்வொரு படியாகக் கூட்டலாம். படிக்கட்டிலும், ஈரத்தரையிலும், சாலையைக் கடக்கும்போதும் எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது. அவ்விடங்களில் அவனுடைய கவனம் முழுவதும் கால்களுக்கே வேண்டும்.

களைப்பைப் பற்றி நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. இப்பயிற்சி 10 நிமிடங்களைத் தாண்ட வேண்டியதில்லை. பள்ளி முடிந்து சோர்ந்து வந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம். முன்னேற்றம் தெரிய வேண்டுமானால் ஓர் எளிய அளவு இருக்கிறது. 10 மீட்டர் தூரத்தை அவன் வழக்கமான வேகத்தில் பேசாமல் நடக்க எத்தனை நொடி, படங்களின் பெயரைச் சொல்லியபடி நடக்க எத்தனை நொடி என்று மாதம் ஒருமுறை குறித்து வாருங்கள். தசை தளர்வதால் முதல் எண் காலப்போக்கில் ஏறக்கூடும். ஆனால் இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி குறைந்துவந்தால், பயிற்சி தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, அதே நோய். தசை தளர்கிறது என்றால் அதை வலுப்படுத்தத்தானே வேண்டும்? தினமும் மாடிப்படி ஏறி இறங்க வைக்கிறேன், குதிக்கவும் சொல்கிறேன். மறுநாள் கெண்டைக்கால் வலிக்கிறது என்கிறான். தொடரலாமா?

பதில்: இன்றே நிறுத்துங்கள். உங்களுடைய அக்கறை எனக்குப் புரிகிறது, ஆனால் மற்றவர்களின் தசையை வலுவாக்கும் அதே வேலை இவனுடைய தசையைக் கிழிக்கிறது. படியிறங்கும்போது தொடைத்தசை உடலின் எடையைத் தாங்கியபடியே நீள்கிறது. குதித்துத் தரையில் இறங்கும்போதும், சரிவில் இறங்கும்போதும் இதேதான் நடக்கிறது. டிஸ்ட்ரோபின் இல்லாத நாரின் உறை அந்த இழுவிசையைத் தாங்காது. உறை கிழிந்து, உள்ளே இருக்க வேண்டியவை இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. தசைக்குள் இருக்கும் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதியின் அளவு இக்குழந்தைகளின் இரத்தத்தில் எப்போதும் மிக அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. பளு தூக்குவது, குதிக்கும் வலைமேல் ஆடுவது, மூச்சு முட்டும்வரை ஓடுவது ஆகியவையும் கூடாது. மறுநாளும் நீடிக்கும் தசைவலி, அளவு மீறியதற்கான அடையாளம். சிறுநீர் கறுத்தோ பழுப்பாகவோ போனால், காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டு அவனை உட்காரவே வைத்துவிடாதீர்கள், ஏனென்றால் அசையாமல் இருப்பதும் தசையைத் தேய்க்கும். நெதர்லாந்தில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், நடக்கும் திறன் குறைந்துவந்த அல்லது அண்மையில் சக்கர நாற்காலிக்கு மாறிய 30 சிறுவர்கள் பங்கேற்றனர். ஒரு பிரிவினர், மோட்டாரின் உதவியோடு கைக்கும் காலுக்குமாகச் சுழலும் மிதிவண்டியை, வாரத்தில் 5 நாள், கைகளால் 15 நிமிடமும் கால்களால் 15 நிமிடமும், 24 வாரங்கள் மிதித்தனர். பயிற்சி செய்தவர்களின் இயக்கத்திறன் குறையாமல் நின்றது, செய்யாதவர்களுக்கோ குறைந்தது. திறன் கூடவில்லையே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் மாதாமாதம் ஏதோ ஒன்றைப் பறித்துக்கொண்டே போகும் நோயில், குறையாமல் நிற்பது எவ்வளவு பெரிய லாபம் என்பது இக்குழந்தைகளோடு வாழ்பவர்களுக்குத் தெரியும். நீச்சலும் இதற்கு மிகப் பொருத்தமானது, ஏனென்றால் தண்ணீர் எடையை வாங்கிக்கொள்கிறது, இறங்கும் இழுவிசையும் அங்கே இல்லை. எதைச் செய்தாலும் அவன் உங்களோடு மூச்சு வாங்காமல் பேசும் அளவிலேயே இருக்கட்டும். இதயத்தையும் இந்நோய் தொடுவதால், ஆண்டுதோறும் செய்ய வேண்டிய இதயப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

கணுக்கால், முழங்கால், இடுப்பு மூட்டுகளை மெதுவாக நீட்டிவிடும் பயிற்சியை வாரத்தில் 4 முதல் 6 நாட்கள் செய்ய வேண்டும். இரவில் கணுக்காலைத் தாங்கும் உறையை மாட்டிவிடலாம். பகலில் நடக்கும்போது மட்டும் அது பெரும்பாலும் வேண்டாம். நுனிக்காலில் நடப்பதே அவன் நிமிர்ந்து நிற்க உதவும் உத்தியாக இருப்பதால், அதைக் கட்டிப்போட்டால் நடையே நின்றுவிடக்கூடும்.

கேள்வி: உடற்பயிற்சியால் இக்குழந்தைகளின் அறிவுத்திறன் கூடுமா?

பதில்: அறிவுத்திறன் எண் (ஐக்யூ) ஏறும் என்று யாரேனும் உறுதி கூறினால் நம்ப வேண்டாம். ஆனால் தசைத் தளர்ச்சியைப் போல மூளையின் சிரமம் ஆண்டுக்காண்டு மோசமாகிக்கொண்டே போவதில்லை, பிறப்பிலிருந்து உள்ளது அப்படியேதான் இருக்கும். டூஷேன் சிறுவர்களின் சராசரி எண் பொதுச் சராசரியைவிட 15 முதல் 20 புள்ளிகள் வரை குறைவு என்றாலும், அது சராசரிதான். வகுப்பில் முதலாவதாக வரும் குழந்தைகளும் இவர்களில் உண்டு. ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு எரிச்சலோ கவனச்சிதறலோ கூடினால் அதைக் குழந்தையின் குணமாகக் கருதாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: 12 வயதான என் அக்கா மகன் சக்கர நாற்காலிக்கு மாறிவிட்டான். இனி இந்தப் பயிற்சிகள் அவனுக்குத் தேவையில்லைதானே?

பதில்: இப்போதுதான் கைகளுக்கும் முதுகுக்கும் மூச்சுக்கும் கூடுதல் கவனம் வேண்டும். மோட்டார் உதவியுள்ள மிதிவண்டியை நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளால் சுழற்றலாம். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் மூட்டுகளை நாள்தோறும் நீட்டிவிட வேண்டும், ஏனென்றால் விரல்கள் மடங்கி இறுகிவிட்டால் எழுதுவதும் விசைப்பலகையைத் தட்டுவதும் கடினமாகும். மனப்பயிற்சியும் தொடரட்டும். சதுரங்கமோ சீட்டாட்டமோ எதுவானாலும், மேசையை முழங்கை உயரத்துக்குச் சரிசெய்து, காய்களை அவன் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அடியெடுத்து வைப்பதற்கே செலவான கவனம் முழுவதும் இப்போது அவன் கையில் இருக்கிறது. நான் அறிந்த ஒரு சிறுவன், நாற்காலியில் அமர்ந்த முதல் வாரத்தில், பள்ளியிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அம்மாவிடம் நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தான்.