கணினிக் கேள்வி பதில்: டெபியனுக்கு எந்தக் கோப்பு?

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுப் பழைய மடிக்கணினியில் விண்டோஸை நீக்கிவிட்டு டெபியன் என்ற லினக்ஸ் வகை இயங்குதளத்தை நிறுவ விரும்புகிறேன். பதிவிறக்கப் பக்கத்தில் ஏஎம்டி64, ஏஆர்எம்64, நெட்இன்ஸ்ட், டிவிடி, லைவ் எனப் பல பெயர்கள் உள்ளன. என்னிடம் இருப்பதோ இன்டெல் பிராசஸர். வீட்டில் கைப்பேசி இணையம் மட்டுமே உண்டு. எதை இறக்குவது?
- வாசகர், திண்டிவனம்

பதில்: உங்களுக்கு உரியது ஏஎம்டி64தான். ஏஆர்எம்64 என்பது கைப்பேசிகளில் உள்ளது போன்ற வேறு வகைப் பிராசஸர்களுக்கானது. இன்டெலின் பழைய 32 பிட் கட்டளைத் தொகுப்பை 64 பிட்டுக்கு விரித்து வடிவமைத்தது ஏஎம்டி நிறுவனம். இன்டெல் அதைப் பின்னர் ஏற்றுக்கொண்டபோதும் டெபியனில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. ஐயமிருந்தால் விண்டோஸின் செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று சென்று 'சிஸ்டம் டைப்' என்ற வரியைப் பாருங்கள். அதில் இயங்குதளம் 32 பிட் என்றும் பிராசஸர் எக்ஸ்64 (அதாவது 64 பிட்) என்றும் இருந்தால், பலர் முன்பாதியை மட்டும் படித்துவிட்டுக் கணினியே 32 பிட் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது பின்பாதியை. ஆட்டம் என்270 போன்ற, உண்மையிலேயே 32 பிட் மட்டுமே அறிந்த பிராசஸர் என்றால், 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13இல் அதற்கு நிறுவல் கோப்பு கிடையாது. 2023இல் வந்த டெபியன் 12 வரைதான் உண்டு.

அடுத்து, அளவைப் பற்றி. நெட்இன்ஸ்ட் கோப்பு ஒரு ஜிபிக்கும் குறைவு என்பதால் டேட்டா மிச்சம் என்று தோன்றும். ஆனால் அதில் நிறுவியும் (நிறுவும் வேலையைச் செய்யும் செயலி) அடிப்படை அமைப்பும் மட்டுமே இருக்கின்றன. திரைச்சூழல் (ஐகான்கள், சாளரங்கள் கொண்ட டெஸ்க்டாப்), உலாவி, அலுவலகச் செயலிகள் எல்லாம் நிறுவும் நேரத்தில் இணையத்திலிருந்து இறங்கும். ஆகவே கோப்பின் அளவைவிட, நிறுவும் இடத்தில் தடைபடாத இணைப்பு இருக்குமா என்பதையே முதலில் எண்ணிப் பாருங்கள். இருக்கும் என்றால் நெட்இன்ஸ்டே போதும். கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து டெதரிங்கை (கைப்பேசி இணையத்தைக் கணினிக்குப் பகிரும் வசதி) இயக்கினால், நிறுவி அதைப் பெரும்பாலும் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். சிக்னல் வந்து வந்து போகும் வீடு என்றால், நல்ல இணையமுள்ள நண்பர் வீட்டில் முதல் டிவிடி கோப்பை இறக்கி வாருங்கள். ஏறத்தாழ நான்கு ஜிபி. 8 ஜிபி பென்டிரைவில் அடங்கும். மற்ற டிவிடிகளைத் தேட வேண்டாம். அதிகம் பேர் பயன்படுத்தும் மென்பொருள்களே முதல் டிவிடியில் முன்னுரிமை பெறுகின்றன.

பழைய கணினி என்பதால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் லைவ் கோப்பைத்தான் எடுப்பேன். வன்தட்டைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே இயங்குவதால், வைஃபை, ஒலி, திரை வெளிச்சம் ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று விண்டோஸை அழிப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். மனநிறைவாக இருந்தால் அதிலிருந்தே நிறுவியும் கொள்ளலாம். லைவில் ஒவ்வொரு திரைச்சூழலுக்கும் தனிக் கோப்பு உண்டு. உங்கள் கணினிக்கு, எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பொருந்தும்.

எதை இறக்கினாலும், கோப்பு பழுதின்றி வந்திருக்கிறதா என்று அறிய, உடன் தரப்படும் எஸ்எச்ஏ512 சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுவிடுங்கள். பென்டிரைவில் கோப்பை வெறுமனே நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ் போன்ற கருவியால் எழுத வேண்டும். அப்போது பென்டிரைவில் முன்பிருந்தவை அனைத்தும் அழிந்துவிடும்.

கேள்வி: வைஃபை இயங்க 'நான்-ஃப்ரீ' என்ற தனிக் கோப்பைத் தேட வேண்டும் என்று ஒரு பழைய கட்டுரையில் படித்தேன். உண்மையா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: டெபியன் 11 வரை உண்மை. வைஃபை போன்ற வன்பொருள்கள் இயங்கத் தேவையான சிறு மென்பொருளே ஃபர்ம்வேர். கட்டற்ற உரிமத்தில் வராத ஃபர்ம்வேரை அதிகாரபூர்வக் கோப்பில் சேர்ப்பதில்லை என்பது டெபியனின் கொள்கையாக இருந்தது. 2022இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்தி அதை மாற்றினார்கள். டெபியன் 12 முதல் வழக்கமான கோப்பிலேயே ஃபர்ம்வேர் இருக்கிறது.

கேள்வி: நிறுவும்போதே தமிழில் வழிகாட்டும் கோப்பு தனியாக உண்டா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: தனிக் கோப்பு தேவையில்லை. நெட்இன்ஸ்ட், டிவிடி இரண்டிலும் தமிழ் உள்ளது. தொடக்கப் பட்டியலில் 'கிராஃபிகல் இன்ஸ்டால்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் எழுத்துத் திரையில் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்ட இயலாது என்பதால், 'இன்ஸ்டால்' என்ற மற்றதில் நுழைந்தால் மொழிப் பட்டியலில் தமிழைக் காண மாட்டீர்கள்.