ஸ்ரீதருக்கு முத்திரை இல்லையா?

கேள்வி: இயக்குநர் ஸ்ரீதர் காதல், திகில், நகைச்சுவை, சண்டை என்று எல்லாவற்றிலும் கை வைத்தார். அவருக்கென்று ஒரு முத்திரை கிடையாது. பிறகு ஏன் அவரைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: நீங்கள் படங்களின் வகையை எண்ணுகிறீர்கள், கதையைப் பார்க்கவில்லை.

ஸ்ரீதர் முதலில் எழுத்தாளர். அவர் எழுதிய ‘ரத்த பாசம்’ நாடகம் 1954-இல் படமானது. ‘அமரதீபம்’, ‘உத்தம புத்திரன்’ என்று மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் 1959-இல் ‘கல்யாணப் பரிசு’ மூலம் இயக்குநர் ஆனார். அக்காவும் தங்கையும் ஒருவனையே விரும்புகிறார்கள். அக்காவுக்காகத் தங்கை விட்டுக் கொடுக்கிறாள். 1962-இல் வந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் ஓர் ஆஸ்பத்திரிதான் களம். நோயாளியின் மனைவி, வைத்தியம் பார்க்கும் டாக்டரின் முன்னாள் காதலி. தான் இறந்தால் டாக்டரை மணந்துகொள் என்று கணவனே அவளிடம் சொல்கிறான். வில்லன் என்று யாருமே இல்லை. மூன்று பேரும் நல்லவர்கள், சிக்கலே அதுதான். இதைவிட வேறென்ன முத்திரை வேண்டும் உங்களுக்கு?

சரி, வகைக்கு வருவோம். 1963-இல் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ எடுத்தார். முற்பிறவிக் காதல், பகை தீராத கிழ ஜமீன்தாராக நம்பியார். அடுத்த ஆண்டே ‘காதலிக்க நேரமில்லை’. அதில் பாலையாவுக்கு நாகேஷ் திகில் படக் கதை சொல்வாரே, அந்தக் காட்சியில் பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது. நாகேஷ் வாயால் போடும் சத்தமும், வெளிறிப் போகும் பாலையாவின் முகமும்தான். முந்தின வருடம் நிஜமாகவே பயமுறுத்திய அதே கை, இப்போது அந்தப் பயத்தை வைத்தே சிரிக்க வைக்கிறது.

நான் அதைப் பார்த்தது ரப்பர் தோட்டத்துத் திடலில், வெள்ளைத் துணி கட்டி ஓட்டிய திரையில். விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போக வேண்டியவர்கள்கூட எழுந்து போகவில்லை. பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்னொரு கையால் என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். பால்மரம் சீவிச் சீவிக் காய்த்துப்போன விரல்கள். வலித்தது, ஆனாலும் நான் கையை இழுக்கவில்லை.

அப்புறம் ‘நெஞ்சிருக்கும் வரை’யில் சிவாஜியை ஒப்பனை இல்லாமல் நடிக்க வைத்தார். 1969-இல் அதே சிவாஜியோடு வெளிநாடு போய் ‘சிவந்த மண்’ணையும் எடுத்தார். எம்.ஜி.ஆருக்கு ‘உரிமைக்குரல்’, கமல்–ரஜினிக்கு ‘இளமை ஊஞ்சலாடுகிறது’. எண்பதுகளில் அவர் கை தளர்ந்தது உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. அதற்காக முந்தைய இருபது வருடங்களைத் தள்ளிவிட முடியாது.

அந்தக் கதை சொல்லும் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். நாகேஷை விட்டுவிட்டு பாலையாவின் கண்களை மட்டும் கவனியுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், பதில் போடுகிறேன்.