நகரும் சுவர்களும் மாடித் தெருவும்: நெதர்லாந்தின் நவீனக் கட்டிடக்கலை குறித்த கேள்வி பதில்

கட்டிடக்கலை மாணவி: ஐயா, இவ்வளவு சிறிய நாடு நவீனக் கட்டிடக்கலையில் முன்னால் நின்றது எப்படி?

கலைஞர்களைத் தேடுவதற்கு முன் ஒரு சட்டத்தைப் பாருங்கள் அம்மா. 1901-ல் வந்த வீட்டுவசதிச் சட்டம். லாபநோக்கில்லாத வீட்டுச் சங்கங்களுக்கு அரசுக் கடன் கிடைக்க அது வழி செய்தது. பெரிய நகரங்கள் விரிவாக்கத் திட்டம் போட்டே தீர வேண்டும் என்றது. பெர்லாகே, டி கிளெர்க், அவுட் போன்ற முதல் வரிசைக் கலைஞர்கள் தொழிலாளர் குடியிருப்புகளை வரைய வந்தது அதற்குப் பிறகுதான். அந்தச் சட்டம் இல்லையென்றால் அவர்களில் பலர் பணக்காரர்களின் மாளிகைகளோடு நின்றிருப்பார்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்: ராட்டர்டாமின் ஸ்பாங்கன் குடியிருப்பில் 'மாடித் தெரு' இருப்பதாகப் படித்தேன். நீளமான வராந்தாவுக்கு ஏன் இத்தனை புகழ்?

வராந்தாவில் பால் வண்டி வருமா? அங்கே வந்தது. 1922-ல் முடிந்த அந்தக் குடியிருப்பில் 264 வீடுகள். கட்டிடக்கலைஞர் மிகீல் பிரிங்க்மன் இரண்டாம் மாடியைச் சுற்றி அகலமான கான்கிரீட் நடைபாதை அமைத்தார். பால்காரரும் ரொட்டிக்காரரும் வண்டியோடு லிஃப்டில் ஏறி வாசல் வாசலாகப் போனார்கள். மேல்வீட்டுக்காரருக்கும் தெருவைப் பார்த்த வாசற்கதவு கிடைத்தது. நடுவில் பொதுக் குளியலறையும் சலவைக்கூடமும் இருந்தன. பிற்காலத்தில் உலகமெங்கும் பேசப்பட்ட மாடித் தெருக்களில் எதுவும் இதன் கால் தூசிக்கு ஈடாகாது என்பது என் கருத்து.

இல்லத்தரசி ஒருவர்: உட்ரெக்டில் சுவர்கள் நகரும் வீடு உண்மையா? குடியிருக்க வசதிப்படுமா?

உண்மைதான் அம்மா. 1924-ல் கெரிட் ரீட்வெல்ட் கட்டிய ஷ்ரோடர் வீடு. அவர் தச்சுத்தொழிலில் வளர்ந்தவர். வீடே ஒரு பெரிய மேசை நாற்காலி வேலைப்பாடு போல இருக்கும். கணவரை இழந்து மூன்று பிள்ளைகளோடு இருந்த ட்ரூஸ் ஷ்ரோடர் வெறும் வாடிக்கையாளர் அல்லர், வடிவமைப்பில் சரிபாதி அவருடையது. பிள்ளைகள் தன்னோடும் பெரியவர்களின் பேச்சோடும் சேர்ந்து வளர வேண்டும் என்று விரும்பினார். அதனால் பகலில் மேல்தளம் முழுவதும் ஒரே கூடம். இரவில் தடுப்புகளை இழுத்தால் தனித்தனி அறைகள். கட்டிட விதிமுறைக்காக அந்தத் தளத்தை வரைபடத்தில் 'பரண்' என்று காட்டினார்கள்.

அந்த மூலை ஜன்னலைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கக் கதவுகளையும் திறந்துவிட்டால் மூலையில் தூணே இல்லை. வீட்டின் முனை காணாமல் போய், கை நீட்டினால் வெளிக்காற்று. கட்டியபோது எதிரே திறந்த வெளி. 1960-களில் அதே இடத்தில் நெடுஞ்சாலையை உயர்த்திப் போட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது. வசதியைப் பற்றிக் கேட்டீர்கள்: ட்ரூஸ் 1985-ல் இறக்கும்வரை அங்கேதான் வாழ்ந்தார்.

மற்றொருவர்: ராட்டர்டாமின் நடுவில் பழைய கட்டிடங்கள் ஏன் இவ்வளவு குறைவு?

1940 மே 14 அன்று ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசின. நகர மையம் எரிந்து போனது. பழையபடியே கட்டாமல், 1946-ல் நகரத் திட்டமிடுநர் வான் ட்ராவின் புதிய திட்டத்தை ஏற்றார்கள். 1953-ல் திறந்த லைன்பான் கடைவீதியில் வாகனங்களுக்கு இடமில்லை; நடப்பவர்களுக்கு மட்டுமே.

ஆரம்பப் பள்ளி ஆசிரியை: கட்டிடக்கலைஞர் ஆல்டோ வான் எய்க்கின் விளையாட்டுத் திடல்களில் இருப்பது மணல்தொட்டியும் கம்பிகளும்தானே? அதில் கட்டிடக்கலை எங்கே?

தொட்டியின் விளிம்பில் இருக்கிறது அம்மா! குழந்தை மணல் கொட்டிப் பலகாரம் செய்யவும், தாய் உட்காரவும், பெரிய பையன் தாண்டிக் குதிக்கவும் ஏற்ற அகலத்தில் கான்கிரீட் விளிம்பு. யானை, குதிரை வடிவங்கள் கிடையாது. வளைந்த கம்பி எதுவாக இருக்க வேண்டும் என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும் என்று விட்டார். 1947-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சதுக்கத்தில் தொடங்கி, போருக்குப் பின் காலியாகக் கிடந்த மனைகள், தெருமுனைகள் என்று சுமார் 30 ஆண்டுகளில் 700-க்கும் மேல் அமைந்தன. பெரும்பாலானவை இன்று இல்லை. அந்த நகரத்தின் மிகச் சிறந்த நவீனப் படைப்பு எது என்று கேட்டால் தயங்காமல் இவற்றைத்தான் சொல்வேன்.

பொறியாளர் மீண்டும்: ஆம்ஸ்டர்டாமின் பைல்மர்மேர் குடியிருப்புப் பகுதி ஏன் தோற்றது?

குடியிருப்பு ஒருபுறம், வேலை ஒருபுறம், போக்குவரத்து தனியே என்று நகரத்தைப் பிரிக்கும் நவீனக் கொள்கையை எல்லைவரை கொண்டுபோனார்கள். 1960-களின் பிற்பகுதியில் தேன்கூடு போல வளைந்த பத்து மாடிக் கட்டிடங்கள், நடுவே பெரும் பசுமை, உயர்த்திய சாலைகள். மெட்ரோ 1977-ல்தான் வந்தது. கடைகளும் உடனே வரவில்லை, வாடகை அதிகம். எந்தக் குடும்பங்களுக்காகக் கட்டினார்களோ அவர்கள் தோட்டமுள்ள தனிவீடுகளைத் தேடிப் போனார்கள். நெதர்லாந்தின் ஆட்சியிலிருந்து 1975-ல் விடுதலை பெற்ற தென்னமெரிக்க நாடான சுரினாமிலிருந்து வந்தவர்கள் அந்த வெற்று வீடுகளில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். பழியை அவர்கள் மேல் போடுவது அநியாயம். 1992 அக்டோபர் 4 அன்று சரக்கு விமானம் அங்கே மோதி 43 பேர் இறந்தனர். பிறகு பல கட்டிடங்களை இடித்தார்கள். தப்பிய கிளைபர்க் கட்டிடத்தை வெளிப்புறம் மட்டும் செப்பனிட்டு, உள்ளே வெறுங்கூடாக விற்றார்கள். வாங்கியவர்களே சமையலறையும் சுவரும் எழுப்பிக்கொண்டார்கள். 2017-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டிடக்கலைப் பரிசான மீஸ் வான் டெர் ரோ விருது அதற்குக் கிடைத்தது.

மாணவி: இரண்டு நாள் மட்டும் இருந்தால் எதைப் பார்ப்பது ஐயா?

முதல் நாள் ராட்டர்டாம்: ஸ்பாங்கன், பிறகு தொழிலாளர்களுக்குப் பகல் வெளிச்சம் கிடைக்கக் கண்ணாடியால் போர்த்திய வான் நெல்லே தொழிற்சாலை. மறுநாள் உட்ரெக்ட். ஷ்ரோடர் வீட்டில் ஒரு நேரத்தில் சிலரை மட்டுமே அனுமதிப்பார்கள். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.