ரவிவர்மா தவிர எதையும் கேளுங்கள்

காரைக்குடிப் பக்கம் சுண்ணாம்புச் சாந்தில் படம் செய்கிறவள் நான். தாத்தா கொத்தனார். அம்மா சிறுபிள்ளையில் அவரோடு சாந்து அரைக்கப் போனவர். இந்த வருடம் இரண்டு காட்சி வைத்தேன். பள்ளத்தூரில் ஒரு வீட்டு முகப்பில் ‘நிலை’: பழைய கதவு, நிலைகளின் மேல் துணி விரித்துக் கரியால் தேய்த்து எடுத்த இருபத்திமூன்று படம், கூடவே ஒரு நிஜக் கதவு. சென்னையில் ‘வேர்வை’: பதினொரு சாந்துப் பலகை. அவற்றைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். முன்கூட்டியே ஒன்று: உங்கள் வீட்டு ரவிவர்மா படம் என்ன விலை போகும் என்று எனக்குத் தெரியாது.

காரைக்குடி, கல்லூரி மாணவி: அக்கா, ‘வேர்வை’ பார்த்தேன். சாந்துப் பலகை எப்படிச் செய்கிறீர்கள்? ஏன் அந்தப் பெயர்?

சுவரைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போக முடியாதே, அதனால் பலகை. மரச்சட்டத்துக்குள் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, அடுக்கி, அதன் முதுகைக் கொத்திவிட்டு அதன்மேல் பூசுகிறேன். சாந்து வழுக்காமல் பிடித்துக்கொள்ளும்.

சுட்ட சுண்ணாம்பை நீற்றி, மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்கிற மாதிரி பானையில் மூன்று மாதம் போட்டுவைப்பேன். அவசரப்பட்டு எடுத்தால் உள்ளே நீறாமல் கிடந்த துகள் பூசிய பிறகு நீறும். சுவரில் அம்மைக் கொப்புளம் மாதிரி வெடிக்கும். கடுக்காயை நசுக்கி வெல்லத்தோடு ஊறப்போட்டு, புளித்து நுரை கட்டியதும் வடிகட்டி, அந்தத் தண்ணீரில்தான் சுண்ணாம்பையும் மணலையும் பிசைவது. கடைசிப் பூச்சு மட்டும் கிளிஞ்சல் சுண்ணாம்பு, அம்மியில் அரைத்தது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் ஒரு துகள்கூட நறநறக்கக் கூடாது. அம்மா இப்போதும் வந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பேசாமல் குழவியை என் பக்கம் தள்ளிவிடுவார். இன்னும் அரை என்று அர்த்தம்.

பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் வைக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருக்கிற கரியமில வாயுவை இழுத்து இழுத்து மறுபடி கல்லாகிறது. வண்ணம் அந்தக் கல்லுக்குள் மாட்டிக்கொள்ளும், பசையே தேவையில்லை. அப்புறம் கூழாங்கல்லால் தேய்க்க ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்தில் பரப்பு முழுக்க முத்து முத்தாக நீர் அரும்பும். சுவர் வேர்க்குது என்பார் தாத்தா. துடைக்கணும், தேய்க்கணும், மறுபடி துடைக்கணும். பெயர் அங்கிருந்து வந்ததுதான். பதினொன்றில் நான்கு பலகையில் வேர்த்த தடத்தைத் துடைக்காமலே விட்டிருக்கிறேன், நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

மூன்று பேர், ஏறக்குறைய ஒரே கேள்வி: முட்டை கலந்தார்கள் என்பது உண்மையா? ஒரு வீட்டுக்கு லட்சம் முட்டை என்கிறார்களே?

கலந்தார்கள். நானும் கலக்கிறேன், வெள்ளைக்கரு மட்டும், கடைசிப் பூச்சில் மட்டும். அந்தப் பூச்சு தோசை கனம்கூட வராது. லட்சக் கணக்கெல்லாம் சுற்றுலா வழிகாட்டிகளின் கைங்கரியம். வீடு பெரிதாகப் பெரிதாக முட்டையும் கூடுகிறது! சுவர் பளபளப்பதற்கு முட்டையைவிடத் தேய்த்தவர்களின் தோள்பட்டைதான் காரணம். அந்தத் தோள்பட்டையை எந்த வழிகாட்டியும் எண்ணிச் சொல்வதில்லை.

திருச்சி, வரைகலைஞர்: பலகைகளில் காவி, மஞ்சள், கரி மட்டும்தான். நீலம் பிடிக்காதா?

பிடிக்கும், அதனால்தான் பட்டேன். போன வருடம் ஒரு வீட்டுச் சாவிக்கொத்தை வெயிலில் வைத்து நீலப்படிவம் எடுத்தேன். சயனோடைப் என்பார்கள், 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. இரும்பு உப்புக் கரைசலைத் தாளில் பூசி, பொருளை மேலே வைத்து வெயில் காட்டிக் கழுவினால், பொருள் இருந்த இடம் வெள்ளை, மற்றதெல்லாம் நீலம். தாளில் அருமையாக வந்தது. அதையே சாந்துப் பலகையில் செய்தால் என்ன என்று புத்தி போனது. சாயங்காலம் நீலமாக இருந்த பலகை இரண்டு நாளில் துருப்பிடித்த தகரம் மாதிரி ஆகிவிட்டது. பிரஷ்யன் நீலம் காரத்தில் நிற்காது, சுண்ணாம்போ முழுக் காரம். அல்ட்ராமரைன் நிற்கும். அந்தக் காலத்தில் வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் ஒரு பிடி நீலப்பொடி போட்டது அந்த வகைதான். தாத்தாவுக்குத் தெரிந்த விஷயத்தை நான் ஒரு பலகையைக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: எங்கள் வீட்டுப் பட்டாலையில் ரவிவர்மாவின் லட்சுமி இருக்கிறது. அசல்தானா?

சரி, ஒரே ஒரு தடவை சொல்கிறேன் சார். 1894-இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். கல்லச்சு, ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல். அந்தப் படங்கள் ஆயிரக்கணக்கில் நாடெங்கும் போயின. நம் வீடுகளில் தொங்குவது அவைதான். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், முகத்தில் பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. அடியில் அச்சகத்தின் பெயர் இருந்தாலும் அச்சு. அச்சு என்பதால் மட்டம் இல்லை. சிலவற்றில் வீட்டுப் பெண்கள் புடவைக்குச் சரிகையும் சம்கியும் ஒட்டியிருப்பார்கள். எனக்கு அசல் தைலவண்ணத்தைவிட அந்தச் சம்கிதான் பிடிக்கும்.

தயவுசெய்து ஈரத்துணி போட்டுத் துடைக்காதீர்கள். அது தாள். மேலே வார்னிஷ் இருப்பதால் கண்ணாடி மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான்.

பெங்களூரு: வீட்டு வரவேற்பறைக்குச் செட்டிநாட்டுப் பூச்சு வேண்டும். சதுர அடி என்ன விலை?

நான் ஒப்பந்தக்காரி இல்லை. காரைக்குடியில் இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் பேசுங்கள். சிமெண்டுச் சுவர்மேல் பூச வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டு பூசச் சொல்லி அதைவிடக் கேட்காதீர்கள். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவர் அழுகும்.

புதுவயல், ஒருவர்: ‘நிலை’யில் தேய்ப்புப் படமெல்லாம் சரி. நடுவில் வைத்திருந்த கதவு? காசு கொடுத்துத்தானே வாங்கினீர்கள்? வாங்க ஆள் இருப்பதால்தான் வீடு பிரிக்கிறார்கள். இடிப்பதைப் பற்றிப் படம் போட்டுவிட்டு இடிப்பவனுக்கே காசும் கொடுப்பது என்ன நியாயம்?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பள்ளத்தூரில் யாரும் கேட்கவில்லை, அதுதான் ஆச்சரியம்.

ஆமாம், வாங்கினேன். முனீஸ்வரன் கோவில் தெருக் கடையில். பர்மாத் தேக்கு, மேலே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை. கடைக்கு வெளியே வெயிலில் சாத்தி வைத்திருந்தார்கள். கீழ்ப்பாதியில், குழந்தையின் கை எட்டுகிற உயரத்தில், மரம் மட்டும் கறுத்து வழவழவென்று இருந்தது. அதற்கு மேலே செதுக்கின கூர்மை அப்படியே இருக்கிறது. எத்தனை பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு வாசல் தாண்டியிருக்கும்? தேய்ப்புப் படத்தில் அந்த இடம் வெறுமையாகத்தான் விழும், தேய்ந்த இடத்தில் கரி ஒட்டாது. அதைக் காட்ட எனக்குக் கதவே வேண்டியிருந்தது. இது சமாதானம்தான், நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. நான் வாங்கியதால் அந்த வீடு விழவில்லை, அது முன்னாலேயே விழுந்துவிட்டது.

புதுவயல், அவரே: அடுத்த வீடு விழும். ஒரு கதவுக்கு விலை இருக்கிறது என்று பங்காளிக்குத் தெரிந்த அன்றைக்கே அந்த வீட்டுக்கு நாள் குறித்தாயிற்று.

காரைக்குடி, பழம்பொருள் வியாபாரம்: அண்ணே, எங்களை ஏன் வையுறீங்க? ஒரு வீட்டுக்கு நாற்பது புள்ளி (குடும்பம்) பங்கு. ஒருத்தர் மலேசியா, ஒருத்தர் அமெரிக்கா, ஒருத்தர் கையெழுத்தே போட மாட்டார். ஓடு மாற்ற முப்பத்தொன்பது பேர் சம்மதித்தாலும் வேலை நடக்காது. மழைத் தண்ணீர் இரண்டாங்கட்டில் இறங்கி, தேக்கு உத்தரம் கரையான் அரித்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். நாங்கள் எடுக்காவிட்டால் அடுப்புக்குப் போகும்.

கோயம்புத்தூர், கட்டட வடிவமைப்பாளர்: முத்துக்காடு தட்சிணசித்ராவில் இருக்கும் செட்டிநாட்டு வீடும் பிரித்துக் கொண்டுபோய்க் கட்டியதுதானே? அதையும் தப்பு என்பீர்களா?

மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க இதுதான் ஓடும்.

தட்சிணசித்ராவில் வீடு வீடாக நிற்கிறது. உள்ளே போகலாம், வளவில் (நடு முற்றத்தில்) உட்காரலாம், வெயில் எப்படி இறங்குகிறது என்று பார்க்கலாம். கதவை மட்டும் பிடுங்கி ஹோட்டல் வரவேற்பில் மேசையாகப் படுக்கப்போடுவது வேறு. கதவை நிமிர்த்தி வைத்தாலாவது அது கதவு.

வியாபாரி சொன்ன பங்காளிக் கணக்கு உண்மை. நான் காட்சி வைத்த வீட்டிலேயே அனுமதி வாங்க எட்டு மாதம் ஆயிற்று. கடைசியில் முன்னோருக்குப் படைக்கிற படைப்பு சமயத்தில் எல்லாரும் ஊருக்கு வந்தபோது, பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரமாகப் பார்த்துக் கேட்டேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. ‘செட்டிநாட்டு வணிகர்களின் ஊர்த்தொகுதிகள்’ 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் பெயர் இருப்பதால் ஓட்டைக் கூரை அடைபடுமா? பங்காளிகள் ஒரு பந்தியில் உட்கார்ந்தால் அடைபடலாம்.

புதுவயல்காரருக்கு: நீங்கள் சொன்னது குத்தியது. அடுத்த காட்சிக்குக் கதவு வாங்க மாட்டேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன், மீறினால் பிடித்துக் கேளுங்கள்.

சிங்கப்பூர்: அந்தக் கதவை விற்பீர்களா? கப்பல் செலவு நான் பார்த்துக்கொள்கிறேன்.

இவ்வளவு பேசிய பிறகுமா? விற்பனைக்கு இல்லை. நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளை, கட்டடத்திலிருந்து பெயர்த்ததானாலும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி குற்றம். கடையில் ‘பேப்பர் எல்லாம் பண்ணித் தர்றோம்’ என்றால் இரண்டு தடவை யோசியுங்கள்.

கொத்தமங்கலம்: ஆத்தங்குடிப் பூக்கல் தரை மங்கிவிட்டது. ஆசிட் ஊற்றலாமா?

கூடாது. அது சுட்ட ஓடு இல்லை, சிமெண்டு. கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி வார்த்து, தண்ணீரில் போட்டுப் பதப்படுத்துவார்கள். அதன் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. ஆசிட் அந்தத் தோலைத்தான் முதலில் தின்னும். துடைத்துக் காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு இழுப்பு, போதும். இங்கே மட்டும் ஈரத்துணிக்கு அனுமதி உண்டு!

மதுரை, பிளஸ் டூ மாணவர்: ஓவியம் படிக்க எங்கே சேரலாம்?

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. சிற்பம் என்றால் மாமல்லபுரம். சேர்வதற்கு முன் ஒரு நாள் சித்தன்னவாசல் போய் வா தம்பி. புதுக்கோட்டை தாண்டினால் வந்துவிடும். விதானத்தில் தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கும் துறவி. 9-ஆம் நூற்றாண்டு வேலை. சுண்ணாம்புமேல் வண்ணம் எவ்வளவு நாள் நிற்கும் என்று கேட்கிறவர்களுக்கும் இதுவே பதில்.

திருப்பத்தூர்: எங்கள் வீட்டிலும் ஒரு ரவிவர்மா…

பூதக்கண்ணாடி.

சென்னை: பாட்டி வீட்டு ரவிவர்மாவை ஈரத்துணியால் துடைத்தேன், சரஸ்வதியின் வீணையில் பாதி போய்விட்டது. என்ன செய்ய?

இனிமேல் தொடாதீர்கள். நிழலில் படுக்கவைத்துக் காயவிட்டு, தாள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். போன பாதியை நீங்களே வண்ணம் வைத்து நிரப்பாதீர்கள். என்னையும் நிரப்பச் சொல்லாதீர்கள்.

கானாடுகாத்தான், ஒரு ஆச்சி (பேரன் எழுதுகிறான்): ஆத்தா, அந்தக் கதவில் லட்சுமிக்கு இடது பக்கத்து யானைக்குத் தும்பிக்கை உடைந்திருக்கிறதா? எங்க வீட்டுக் கதவு அப்படித்தான் இருக்கும். அண்ணன் பந்தடித்து உடைத்தான், அப்பச்சியிடம் அடி வாங்கினது நான். வீட்டைக் கொடுத்துப் பதினெட்டு வருஷமாச்சு.

உடனே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், ஆச்சி. தும்பிக்கை உடைந்துதான் இருக்கிறது. ஆனால் வலது பக்கம். இடது பக்கத்து யானை முழுசாக இருக்கிறது.

கானாடுகாத்தான், ஆச்சி: அப்ப அது வேற வீட்டுப் பிள்ளை அடிச்சது. நம்ம பக்கமா நின்னு பார்த்தா வலதா, லட்சுமிக்கு வலதா?

நாம் பார்க்கிறபோது வலது ஆச்சி. லட்சுமிக்கு என்றால் இடது.

நேரில் வந்து பார்த்துவிடுங்கள். வேலைக் கொட்டகையில்தான் நிற்கிறது, நிமிர்த்தித்தான் வைத்திருக்கிறேன். படி இரண்டு உண்டு, பேரனைக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலையில் வந்தால் வெயில் நேராகக் கதவில் விழும்.