சந்து முனையில் நின்ற பியட்

போன இதழில் மழையைப் பற்றிக் கேட்ட ஒருவருக்குப் பதில் எழுதும்போது, ‘என் பழைய பியட் மாதிரி நனைந்துகொண்டு நின்றேன்’ என்று ஒரு வரி போட்டுவிட்டேன். அவ்வளவுதான். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தக் காரை விசாரித்துத்தான். சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும். சர்க்கரை வியாதிக்காரர்களும் மருமகள் புகார்க்காரர்களும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 24 வயது, அக்கா. ஒத்தக்கடையில் வேலை. 80 ஆயிரம் சேர்த்து வைத்திருக்கிறேன். பழைய மாருதி 800 வாங்க ஆசை. ‘பழைய காரை வாங்கி யார் கட்டி மேய்க்கிறது’ என்று அப்பா திட்டுகிறார். உங்கள் முதல் காரை யார் பேச்சைக் கேட்டு வாங்கினீர்கள்? — மேலூர் வாசகர்

யார் பேச்சையும் கேட்கவில்லை தம்பி. கேட்டிருந்தால் கழுத்தில் ஏழெட்டுப் பவுன் கூடியிருக்கும்.

சிம்மக்கல்லில் அப்பா நடத்திவந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை அவருக்குப் பிறகு நான் நடத்தினேன். ஒன்பது மிஷின், காலை ஆறு மணியிலிருந்து லோயர், ஹையர் பரீட்சைக்கு என்று வரிசையாகப் பிள்ளைகள். 1992இல் எனக்கு வயது 25. நான் கட்டிவந்த ஏலச்சீட்டை அந்த வருஷம் எடுத்தேன். அம்மா நகைக்கடைக்குப் போகப் புடவை மாற்றிக்கொண்டிருந்தார். நான் டாக்ஸி ஸ்டாண்டு அண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு தல்லாகுளத்துக்குக் கார் பார்க்கப் போய்விட்டேன்.

1979 மாடல், எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது, விலை 27,500. ஆர்.சி. புத்தகத்தில் ‘பிரிமியர் பத்மினி’ என்று இருக்கும். பம்பாய் குர்லாவில் செய்த வண்டி. இத்தாலிக்கார பியட் 1100இன் வாரிசு என்பதால் பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகியும் மதுரையில் ஒருத்தர் வாயிலும் பத்மினி வந்ததில்லை, பியட்தான். வெள்ளை நிறம் என்று சொல்லி விற்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து தேய்த்துக் கழுவியபோது மோர் நிறத்தில் இருந்தது. மாருதி வந்து அப்போதே ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஆனால் பழைய மாருதிக்கும் என் சீட்டுப் பணம் காணாது.

வண்டியை முதலில் ஓட்டிப்போனது மேலமடை பாண்டி கோயிலுக்கு. டாக்ஸி அண்ணன்தான் ஓட்டினார், நான் பக்கத்தில். நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, மாலை போட்டு, சந்தனம் தடவினோம். அந்தச் சந்தனத்தில் கொஞ்சம் கண்ணாடி துடைப்பானில் ஒட்டிக்கொண்டு, ஒரு மாதம் மழை பெய்யும்போதெல்லாம் வாசனை வந்தது.

ஓட்டக் கற்றுக்கொண்டது ரேஸ் கோர்ஸ் ரோட்டில், விடிகாலை ஐந்து மணிக்கு. கியர் இப்போது மாதிரி தரையில் இல்லை, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கைக்கம்பு. நான் அதையே குனிந்து குனிந்து பார்ப்பேன். ‘கியரைப் பார்க்காத பாப்பா, ரோட்டைப் பாரு’ என்றார் அண்ணன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘விசையைப் பார்க்காதே, தாளைப் பார்’ என்று நான் தினமும் நூறு தடவை பிள்ளைகளிடம் கத்துவேன். அன்றைக்கே கியர் பிடிபட்டுவிட்டது. கிளட்ச்தான் ஒரு மாதம் படுத்தியது.

அப்புறம் வந்தது இடப் பிரச்சினை. எங்கள் வீடு வடக்கு மாசி வீதியிலிருந்து பிரியும் சந்தில். சந்துக்குள் ஆட்டோவே தயங்கித்தான் வரும். அதனால் பியட் எப்போதும் சந்து முனையில், இட்லிக்கடை அக்கா அடுப்புக்கு எதிரே நிற்கும். நான் ஓட்டக் கற்று முடித்த பிறகு ஒரு வாரம்தான் அது என் கார். எட்டாம் நாள் ராத்திரி மாடி வீட்டுப் பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டு, கதவைத் தட்டினார்கள். பின்சீட்டில் அவளும் அவள் மாமியாரும். முன்சீட்டு ஒரே நீளமான பெஞ்சு, அதில் அவள் புருஷனும் கொழுந்தனும் ஏறிக்கொள்ள, நான் கதவோடு ஒட்டிக்கொண்டு ஓட்டினேன். லைசென்ஸ் வாங்கி நாலு நாள். பாலம் தாண்டி கோரிப்பாளையம், பெரியாஸ்பத்திரி. போய்ச் சேர்ந்த அரை மணியில் பையன் பிறந்தான். அதற்குப் பிறகு சந்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், யாருக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றாலும், ‘டைப் அக்கா காரு இருக்குல்ல’ என்பதுதான் பேச்சு. பெட்ரோல் லிட்டர் 16 ரூபாய் பக்கம். வண்டி ஊருக்குள் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம். சிலர் பெட்ரோலுக்குக் கொடுப்பார்கள், சிலர் ஒரு படி அரிசி, சிலர் ‘நல்லா இரும்மா’.

உங்கள் அப்பா ‘யார் கட்டி மேய்க்கிறது’ என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. பழைய காரை ஒருத்தர் மேய்க்க முடியாது, தெருவே சேர்ந்துதான் மேய்க்க வேண்டும். உங்கள் தெரு எப்படி என்று பாருங்கள். அது சரியென்றால் வாங்குங்கள். பைக்கில் அப்பாவை உட்காரவைத்து மழையில் போக முடியாது என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

வாங்குவதானால் கையில் ஒரு சின்னக் காந்தத்தோடு போங்கள். கதவின் அடிப்பக்கம், சக்கரத்துக்கு மேல் வளைவு, இங்கெல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் கிடையாது, துருவை மறைக்கப் பட்டி பூசியிருக்கிறார்கள். (காந்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. டி.வி.எஸ். பஸ் ஓடிய காலத்தில், ரோட்டில் கிடக்கும் லாட ஆணிகள் டயரைக் குத்தாமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டி ஒன்று பொறுக்கிக்கொண்டே போகும் என்று என் தாத்தா சொல்வார். அந்தக் கதை கேட்டுத்தான் எனக்குக் காந்த யோசனையே.) கால்மிதி விரிப்பைத் தூக்கித் தரையைப் பாருங்கள். என் பியட்டில் நான் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. முதல் ஐப்பசியில் முழங்கால் வரை சேறு தெறித்த பிறகுதான் கீழே ரோடு தெரிவதே தெரிந்தது.

மாருதி 800 தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் வைத்த பழைய மாடலைவிட, 2000க்குப் பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை அளந்து பீய்ச்சும்) வண்டி உங்களுக்குத் தொல்லை குறைவு. பதினைந்து வருஷம் தாண்டியிருந்தால் ஆர்.சி. புதுப்பித்து, பசுமை வரி கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 இரண்டு படிவத்திலும் விற்பவரின் கையெழுத்தை வாங்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். கடன் போட்டு வாங்கிய வண்டி என்றால் கடன் தீர்ந்ததற்கு என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய்கள் அதில் சீக்கிரம் கெட்டுப்போகும் என்கிறார்கள் மெக்கானிக்குகள். 80 ஆயிரத்தையும் வண்டிக்கே கொட்டாமல் 20 ஆயிரத்தைத் தனியாக வையுங்கள். முதல் மாதமே அது செலவாகிவிடும்.

கேள்வி: பெண்பிள்ளை கார் ஓட்டியதற்கு அந்தக் காலத்து மதுரை என்ன சொன்னது? — கல்லூரி மாணவி, பசுமலை

முதல் வாரம் நின்று பார்த்தது. இரண்டாவது வாரம் ரிவர்ஸ் எடுக்கும்போது ‘வரட்டும் வரட்டும், ஒடிச்சு ஒடிச்சு’ என்று கை காட்டியது. மூன்றாவது வாரம் லிஃப்ட் கேட்டது.

கேள்வி: வண்டி நடுவழியில் நின்று மாட்டிக்கொண்ட கதை இல்லாமல் பியட்காரர் இருக்க முடியுமா? — ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், உசிலம்பட்டி

உங்கள் ஊரைத் தாண்டித்தான் ஐயா மாட்டிக்கொண்டேன்.

1994 சித்திரை. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு இட்லிக்கடை அக்காவையும் அவர் பெண்களையும் கூட்டிக்கொண்டு போனேன். என்னோடு சேர்த்து ஏழு பேர், ஒரு தூக்குவாளி புளியோதரை. உசிலம்பட்டி வரை வண்டி சமர்த்து. ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது, மதியம் ஒரு மணி, இரண்டு தடவை குலுங்கியது, அப்புறம் பேச்சு மூச்சில்லை. பேனட்டைத் திறந்தேன். எனக்குத் தெரிந்தது அதோடு முடிந்தது. பாட்டரி வயரை ஆட்டினேன், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி ஊதினேன், மறுபடி மாட்டினேன். அக்கா மட்டும் கீழே இறங்காமல், ‘அம்மாவுக்கு நேர்ந்த கோழியை மறந்துட்டேன், அதான்’ என்றார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து என்ஜினைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார், எங்கள் குடத்துத் தண்ணீரில் நனைத்தார், பிழியாமலே என்ஜின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன உருண்டை மேல் சுற்றினார். ‘சுர்ர்’ என்று ஆவி கிளம்பியது. ‘கால் மணி நேரம் சோறு தின்னுங்க’ என்றார்.

அந்த உருண்டைதான் பெட்ரோல் பம்ப். மெக்கானிக்குகள் அதை ஏ.சி. பம்ப் என்பார்கள், குளிர்சாதனத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என்ஜினை ஒட்டியே இருப்பதால் மேட்டில் மெதுவாக ஏறும்போது காற்றும் படாமல் கொதித்துவிடும். உள்ளே வரும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப்புக்குத் திரவத்தைத் தள்ளத்தான் தெரியும், ஆவியைத் தள்ளத் தெரியாது. கார்புரேட்டருக்குச் சொட்டுக்கூடப் போகாது. குளிரவைத்தால் ஆவி மறுபடி பெட்ரோலாகும். அந்தக் காலத்துக் கார்களுக்கெல்லாம் வெயிலில் இருந்த குணம்தான். போதாததற்கு என் வண்டியின் பம்ப்பும் பதினைந்து வயசுக் கிழம்.

புளியோதரை தின்றோம், பெரியவருக்கும் ஒரு வாழையிலை. ஸ்டார்ட்டர் ஒரே தடவையில் பிடித்தது. துண்டை எடுத்துக் கொடுத்தேன். ஒரு மூலை கரியும் ஆயிலும் ஆகியிருந்தது. புதுத்துண்டு வாங்கப் பத்து ரூபாய் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ‘இது எப்படித் தாத்தா தெரியும்?’ என்று கேட்டேன். ‘இந்த மேட்டுல வாரத்துக்கு ரெண்டு நிக்கும். லாரிக்காரன் செய்யறதப் பாத்தது’ என்றார். அதில் ஒருவேளை நீங்களும் இருந்திருப்பீர்கள் ஐயா.

அன்றிலிருந்து காரில் ஒரு பழைய துண்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் இல்லாமல் நான் கிளம்பியதில்லை.

கேள்வி: காருக்குச் செல்லப்பெயர் வைத்திருந்தீர்களா? — திருமங்கலம் வாசகி

நான் வைக்கவில்லை. சந்துப் பிள்ளைகள் ‘தள்ளு’ என்று வைத்திருந்தார்கள். காரணம் ஒரு சித்திரைத் தேரோட்டம். தேர் மாசி வீதிகளைத்தான் சுற்றும், அதனால் திருவிழா நாட்களில் சந்து முனையில் வண்டி நிற்கக் கூடாது. தேருக்கு முந்தின ராத்திரி எடுக்கப் போனால் பாட்டரி செத்துக் கிடக்கிறது. மீனாட்சி வருகிற வழியில் என் வண்டி! பதினொரு மணிக்கு சந்தே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சிம்மக்கல் வரை தள்ளியது. பிரசவத்துக்குக் கொண்டுபோனேனே, அந்தப் பையனை அவன் அப்பா ஸ்டியரிங்கில் என் மடியில் உட்கார்த்திவிட்டுத் தள்ளினார். ஹாரனை விடவே மாட்டேன் என்றான்.

கேள்வி: அந்தப் பியட் இப்போது எங்கே? — பெயர் எழுதாத வாசகர், மதுரை–1

தெரியாது. 2003இல் விருதுநகர் பக்கத்து ஆள் ஒருவர் வாங்கிப் போனார். இத்தனை வருஷத்தில் தகரமாகி, தகரம் உருகி, வேறு எதுவாகவோ ஆகியிருக்கும்.

என்னிடம் இருப்பது ஒரு நோட்டு. தொழில் புத்தி, கார் எங்கே போனாலும் வந்ததும் டைப் அடித்து ஒட்டிவைப்பேன். எங்கள் தமிழ் மிஷினில் ‘ற’ கொஞ்சம் மேலே ஏறி விழும், அதனால் ‘காற்று’ என்று வரும் இடமெல்லாம் குதித்துக்கொண்டிருக்கும். உங்களுக்காக இன்று எடுத்துப் புரட்டினேன். ‘பெட்ரோல் 5 லி. பெரியாஸ்பத்திரி, மாடி வீடு. ஆண் குழந்தை.’ ‘அழகர்கோயில். அம்மா, சித்தி. வலது பின்சக்கரம் காற்று குறைவு.’ ‘நாகமலை. பெண் பார்க்க. அவர்களுக்குப் பிடிக்கவில்லை.’ (பெண் யார் என்று எழுதவில்லை, நான்தான்.) ‘தத்தனேரி மயானம். இட்லிக்கடை அக்கா புருஷன். பெட்ரோல் காசு வாங்கவில்லை.’

கடைசித் தாளில் இரண்டு வரிதான் இருக்கிறது: ‘11.9.2003. வண்டி கொடுத்தாச்சு. ஸ்டெப்னி டயர் கேட்டார், கொடுத்தேன். துண்டையும் பாட்டிலையும் எடுக்க மறந்துவிட்டேன்.’