எடை மெஷின் நகரவில்லையா? விட்டுவிடும் முன் இதைப் படியுங்கள்
வாசகர் கேள்விகள் – உணவியல், உடற்பயிற்சி ஆலோசகர்களின் பதில்கள்

விளவங்கோடு, கல்குளம் பக்கமிருந்தும் கேரள எல்லை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்தும் உடல் எடை பற்றி நிறையக் கடிதங்கள். ஆரம்பித்துவிடுகிறோம், தொடர முடியவில்லை என்பதுதான் எல்லாவற்றிலும் உள்ள குறை.

கேள்வி: வயது 38, உயரம் 156 செ.மீ., எடை 78 கிலோ. இரவுச் சோற்றை நிறுத்தியதும் இரண்டே வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது. அதன்பின் ஐந்து வாரமாக 75-லேயே நிற்கிறது. மனசே விட்டுப்போச்சு. (மார்த்தாண்டம் வாசகி)

முதலில் போன மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலும் தசைகளும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கின்றன. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் தங்கும். சோறு குறைந்ததும் இரண்டும் சேர்ந்து வெளியேறும். கூடவே கருவாடும் ஊறுகாயும் குறைந்திருந்தால் உப்பு பிடித்து வைத்திருந்த நீரும் போகும். அந்த இரண்டு வாரத்தில் கரைந்த கொழுப்பு ஒரு கிலோ இருந்தாலே நல்ல வேகம்தான். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோ என்று மனதில் கணக்குப் போட்டுக்கொண்டீர்களே, சோர்வு அங்கேதான் தொடங்கியது.

ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி. தினமும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கும். எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைவதால், போகப்போக இந்த வேகமும் இருக்காது. ஆறு மாதத்தில் 5 முதல் 10 சதவீதம், அதாவது நான்கு முதல் எட்டு கிலோ, உங்களுக்கு நியாயமான இலக்கு. ஐந்து சதவீதம் இறங்கினாலே சர்க்கரை, ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு கொழுப்பு) அளவுகளில் முன்னேற்றம் தெரிய ஆரம்பிக்கும்.

அடுத்து, எடை உண்மையிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். காலையில் கழிப்பறை போய்விட்டு வந்து, எதுவும் குடிக்கும் முன், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். மெஷின் சமமான தரையில் இருக்கட்டும், பாய் மேல் வேண்டாம். ஒரு கிலோ ஏறி இறங்குவது தினசரி நடப்பதுதான். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் சிலருக்கு அதற்கு மேலும் ஏறும். தினமும் பார்த்து ஏழு நாள் சராசரி எடுங்கள். அந்தச் சராசரியைப் போன மாதச் சுழற்சியின் இதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். தினசரி எண் மனதைக் குழப்பினால் வாரம் ஒரு முறை போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இடுப்பையும் அளந்து பாருங்கள்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. எடை நிற்கும்போதும் இடுப்பு இறங்குவதுண்டு.

ஐந்து வாரச் சராசரியும் அசையவில்லை என்றால், அளவு எங்கோ மெல்லக் கூடியிருக்கிறது. நம் பக்கத்துச் சமையலில் அது ஒளிந்திருப்பது பெரும்பாலும் தேங்காய் எண்ணெயிலும் தேங்காயிலும் சிப்ஸிலும்தான். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரி. பாட்டிலைச் சாய்த்து ஊற்றும் கைக்கு அது தெரியாது. தேங்காய் நூறு கிராமில் சுமார் 350 கலோரி. ஏத்தங்காய் சிப்ஸ் நூறு கிராம் ஐந்நூறைத் தாண்டும். டிவி முன்னால் இரண்டு கை அள்ளினால் ஒரு வேளைச் சோற்றின் கலோரி உள்ளே போய்விடும். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் என்று வைத்து, நான்கு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டரைத் தனியே எடுத்துத் தேதி எழுதி வையுங்கள். இருபதாம் தேதியே தீர்ந்துவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது.

இரவுச் சோற்றை முழுசாக நிறுத்தியதையும் மாற்றுங்கள். ஒன்பது மணிப் பசிதான் சிப்ஸ் டப்பாவைத் திறக்கிறது. ஒரு சின்னக் கரண்டி சோறு, ஒரு கப் துவரன் (தேங்காய் சேர்த்த காய்கறிப் பொரியல்), இரண்டு முட்டை அல்லது ஒரு கப் வேகவைத்த சிறுபயறு சாப்பிட்டால் படுக்கும்வரை தாங்கும்.

கேள்வி: வீட்டில் எல்லாருக்கும் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன்கறியும். நான் மட்டும் ஓட்ஸ் குடித்தால், "என்ன, சீக்காளி மாதிரி?" என்கிறார் மாமியார். இரண்டு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. (குலசேகரம் வாசகி)

ஓட்ஸை விடுங்கள். வீட்டில் யாரும் தொடாத சாப்பாட்டைத் தனியே உட்கார்ந்து சாப்பிடும் திட்டம் எதுவும் நீடிக்காது.

மரச்சீனியால் கெடுதல் இல்லை, அதைக் கூட்டு மாதிரி சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுவதில்தான் சிக்கல். நூறு கிராமில் 150, 160 கலோரி, கிட்டத்தட்ட அத்தனையும் மாவு. புரதம் ஒன்றரை கிராம்கூட வராது. மரச்சீனி சமைக்கும் வேளையில் உங்கள் தட்டில் சோறு வேண்டாம். 150 கிராம், அதாவது நான்கைந்து துண்டு, போதும். அதோடு சாளை (மத்தி) மீன் குழம்பில் நூறு கிராம் மீன் எடுத்தால் சுமார் 20 கிராம் புரதம் கிடைக்கும். பசியை அடக்குவது அதுதான். குழம்பில் கிடந்தால் நல்லது, பொரித்தால் எண்ணெய்க் கணக்கு ஏறும். அரைமுறித் தேங்காய் அரைக்கும் குழம்புக்குக் கால்முறி அரைத்துப் பாருங்கள். புளியும் மிளகாயும் சரியாக இருந்தால் வித்தியாசம் அதிகம் தெரியாது. கஞ்சியும் பயறும் வைக்கும் நாள் உங்களுக்கு வசதியான நாள்: தெளிவு கூட, பருக்கை குறைய, பயறு ஒரு கப்.

'டயட்' என்று அறிவிக்காதீர்கள். அறிவித்தால் வீடு முழுக்க உங்கள் தட்டைப் பார்க்கும். நீங்களே பரிமாறிக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை கரண்டியோடு வருபவருக்கு என்ன சொல்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: "சோறு வந்தால், 'குழம்பு போதும் அத்தே' என்பேன்." 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்பே தீர்மானிப்பவர்கள் வெறும் ஆசையோடு இருப்பவர்களைவிட அதிகம் நிறைவேற்றுகிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

கேள்வி: குழித்துறையிலிருந்து தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போய் வருகிறேன். செல்போனில் பத்தாயிரம் அடி என்று வைத்தேன். ஒரு நாளும் எட்டவில்லை, விட்டுவிட்டேன். (வயது 45)

அந்தப் பத்தாயிரம் எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்ததில்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியோடு பிரபலமான எண் அது. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எத்தனை அடி நடக்கிறீர்கள் என்று பாருங்கள். 3,500 வந்தால் உங்கள் இலக்கு 4,500. இரண்டு வாரம் அதில் நின்றபின் இன்னோர் ஆயிரம். ஆயிரம் அடிக்குப் பத்து நிமிடம் போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, வாரத்துக்கு 150 நிமிட மிதமான நடையும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும். அலுவலகம் பாளையம் பக்கம் என்றால் தம்பானூரில் இறங்கி நடந்தே போகலாம்.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், நடையை மட்டும் நம்பிய திட்டம் ஜூனில் ஒரு தடவையும் அக்டோபரில் ஒரு தடவையும் நனைந்துபோகும். மழை நாளுக்கு வீட்டுக்குள் செய்வதை இப்போதே முடிவு செய்யுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து, இதே மூன்று சுற்று.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். 75 கிலோ உள்ளவர் அரை மணி வேகமாக நடந்தால் செலவாவது 150 கலோரி அளவுதான். ஸ்டேஷன் வாசலில் ஒரு பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) தின்றால் அது திரும்பி வந்துவிடும். எடையை இறக்குவது பெரும்பாலும் தட்டு. இறங்கிய எடை மறுபடி ஏறாமல் பிடித்து வைப்பதில் நடைக்குப் பெரிய பங்கு.

கேள்வி: சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறேன். எடை குறைய இரவுப் பட்டினி இருக்கலாமா?

டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். அந்த மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வேளையைத் தவிர்த்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, 15 நிமிடம் கழித்துப் பரிசோதியுங்கள். சாப்பாட்டைக் குறைக்கும் முன் மருந்தளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

கேள்வி: ஓணம், கோவில் கொடை, கிறிஸ்துமஸ் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் கெட்டுப்போகிறது. 'திங்கட்கிழமை முதல்' என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாக இருக்கிறது. (பாறசாலை வாசகர்)

லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. திங்கட்கிழமைக்குக் காத்திருந்தால் ஒரு நாள் சத்யா விருந்து ஐந்து நாளாக நீளும். அடுத்த வேளையிலேயே வழக்கத்துக்குத் திரும்புங்கள். மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள், மாலையில் இரட்டிப்பாகத் தின்ன வைக்கும்.

பண்டிகைக்கு மறுநாள் காட்டும் இரண்டு கிலோவில் உப்பு பிடித்த நீரும் வயிற்றில் இருக்கும் சாப்பாடுமே அதிகம். நான்கைந்து நாள் மெஷினில் ஏறாதீர்கள். அந்த வாரத்துக்கென்று ஒரு குறைந்தபட்சக் கணக்கு போதும்: 15 நிமிட நடை, காலையில் முட்டையோ கடலைக்கறியோ, இரவு ஒன்பதுக்கு மேல் எதுவும் இல்லை. செய்த நாளைச் சுவர்க் காலண்டரில் வட்டமிடுங்கள். கிலோ எழுத வேண்டாம்.

இலையில் இரண்டு பாயசம் விழுந்தால் பிடித்ததை மட்டும் அரைக் கப் சாப்பிடுங்கள். மீந்ததை அன்றே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். முந்திரிக்கொத்து டப்பாவுக்கும் இதே வழிதான். ஃபிரிட்ஜுக்குள் போனால் மறுநாள் அது உங்கள் பங்கு.